கருமுட்டை கொடுக்கும் பெண்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அதிக தூரமில்லாத ஆகா அப்பாஸ் அலி சாலையில் 'ஹோப்' என்றொரு கருத்தரிப்பு மருத்துவமனையும் ஆய்வு அறக்கட்டளையும் இயங்கிவந்தன. நிறுவியவர் இனப்பெருக்க விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. அந்தப் பெருமைக்கு உரியவர்கள் இருவர்: மருத்துவர் இந்திரா ஹிந்துஜா, இன்னொருவர் ஆனந்தகுமார்.

1997-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஆனந்தகுமார் எழுதிய கட்டுரை அந்தப் பெருமையை வேறொருவரிடம் ஒப்படைத்தது. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் தானல்ல, கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சுபாஷ் முகர்ஜி என்று அவர் ஆதாரங்களோடு நிறுவினார். முகர்ஜி விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. இந்திய அறிவியல் வரலாற்றில் இப்படி ஒருவர் தன் கையிலிருந்த 'முதல்' என்ற பட்டத்தைத் தானே இறக்கிவைத்த நிகழ்வுகள் மிகக் குறைவு.

கருமுட்டை தானம் பெறுவதற்காக நாடு விட்டு நாடு செல்லும் தம்பதிகளைப் பற்றிய கட்டுரைக்கு இந்தப் பழைய கதை எதற்கு? காரணம் உண்டு. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவில் 'துர்கா' பிறந்தாள். ஆனால் முகர்ஜி போன வழி வேறு. இங்கிலாந்தில் அந்த முதல் குழந்தையை உருவாக்கிய எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் மாதவிலக்குச் சுழற்சியில் இயற்கையாக முதிரும் ஒரே ஒரு முட்டையை நம்பினார்கள். முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிர வைத்தார். அவர்கள் வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியே முட்டையை எடுத்தார்கள். இவர் பிறப்புறுப்பின் வழியாகவே எடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, உருவான கருவை உறைய வைத்து 53 நாள் பாதுகாத்து, வேறொரு சுழற்சியில் கருப்பையில் வைத்தார். உறைநிலைக் கருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்ததாக ஆஸ்திரேலியாவிலிருந்து உலகம் கேள்விப்பட்டது 1984-ல்தான்.

ஊசியால் பல முட்டைகள், பிறப்புறுப்பு வழியே சேகரிப்பு, உறைய வைத்துக் காத்திருப்பது. ஒரு பெண்ணின் முட்டை இன்னொரு பெண்ணின் கருப்பைக்குப் போய்ச் சேர இன்று மையங்கள் அன்றாடம் பின்பற்றும் முறை இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. முகர்ஜிக்கோ மரியாதை கிடைக்கவில்லை. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. ஜப்பானுக்குப் போய்த் தன் ஆய்வை விளக்க வந்த அழைப்பை ஏற்க அரசு அனுமதி தரவில்லை. 1981 ஜூனில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

*

ஒரு பெண் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டை அணுக்கள் உருவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு கூடுவதில்லை, குறைவதுதான். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். மாதவிலக்கு நிற்கும் வயதில் ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். ஆணுடைய விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகின்றன. பெண்ணின் முட்டை அப்படியல்ல. நாற்பது வயதில் முதிரும் முட்டைக்கு நாற்பது வயது.

எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய சிக்கல் தரம் குறைவது. முட்டை அணு தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையைச் சிசுப் பருவத்திலேயே தொடங்கி, நடுவில் நிறுத்திவைக்கிறது. அந்த வேலை மீண்டும் தொடங்குவது முட்டை முதிரும் மாதத்தில், பல பத்தாண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலம் முழுவதும் குரோமோசோம் இணைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் புரத வளையங்கள் வயதாக ஆகத் தளர்கின்றன. பிடி தளர்ந்தால் பிரிவினை பிசகும். ஒரு குரோமோசோம் கூடும் அல்லது குறையும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் கலையும். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்தால் டவுன் நோய்க்குறி.

கருப்பையோ இந்த அளவுக்கு மூப்படைவதில்லை. தானமாகப் பெற்ற முட்டையால் ஒரு பெண் குழந்தை பெற்ற செய்தி 1984-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அவருக்கு இளம் வயதிலேயே சினைப்பை செயலிழந்திருந்தது. 1991-ல் நியூயார்க் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் காட்டியது இன்னும் முக்கியமானது: சொந்த முட்டையில் தோற்ற நாற்பது வயதுப் பெண்களுக்கு இளம்பெண்களின் முட்டையிலிருந்து உருவான கருவை வைத்தால் நன்றாகவே ஒட்டுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த அறிக்கைகளின் வரைபடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சொந்த முட்டையின் வெற்றிக்கோடு 35 வயதுக்குப் பிறகு சரிந்து, 45-ஐ நெருங்கும்போது தரையைத் தொடுகிறது. தான முட்டையின் கோடு பெறுபவரின் வயது எதுவானாலும் ஏறக்குறைய மட்டமாகவே ஓடுகிறது.

அந்த இரு கோடுகளுக்கும் நடுவில் விழுந்திருக்கும் இடைவெளிதான் இத்தனை பேரை விமானம் ஏற்றுகிறது. முட்டை கொடுக்க இன்னொரு பெண் வேண்டும். அவரிடமிருந்து பெற எந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்துப் பயணத்தின் திசை அமைகிறது.

*

ஜெர்மனியின் கருப் பாதுகாப்புச் சட்டம் 1991 முதல் கருமுட்டை தானத்தைத் தடைசெய்கிறது. சிகிச்சை செய்யும் மருத்துவர் குற்றவாளி. பெறும் பெண்ணுக்குத் தண்டனை இல்லை. அதனால் ஜெர்மன் பெண்கள் ஸ்பெயினுக்கும் செக் குடியரசுக்கும் போகிறார்கள். இத்தாலி 2004-ல் தடைசெய்தது. 2014-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தடையை நீக்கியது. துருக்கி இன்னும் ஒரு படி மேலே போய், தன் குடிமக்கள் வெளிநாட்டில் தானம் பெறுவதையும் 2010-ல் தடைசெய்தது. ஸ்பெயினில் 1988 முதல் சட்டம் இருக்கிறது. அங்கே கொடுப்பவரின் அடையாளம் வெளியே தெரியாது, அவருக்குச் சுமார் ஆயிரம் யூரோ ஈட்டுத்தொகை உண்டு. ஐரோப்பாவிலேயே மிக அதிகமாகத் தான முட்டை சிகிச்சை நடப்பது அங்கேதான்.

பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு முட்டையோ விந்தணுவோ கொடுத்தவர் யாரென்று, பிறக்கும் பிள்ளை 18 வயதானதும் அறிந்துகொள்ளலாம். பிள்ளையின் உரிமையை முன்னிறுத்திய சட்டம் அது. ஆனால் அங்கே தானம் கொடுப்போரில் ஆசிய வம்சாவளியினர் மிகச் சிலரே. லண்டனில் வாழும் தமிழ்த் தம்பதி தங்கள் நிறமும் சாயலும் உள்ள ஒருவரின் முட்டைக்காக நெடுநாள் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ வர வேண்டும். அல்சூர் பக்கம் வந்தால் சிகிச்சைக்கு நடுவில் தமிழில் பேச ஆள் கிடைக்கும். தமிழ்ச் சங்கமும் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையும் உள்ள பகுதி அது. மயக்க ஊசிக்கு முன்னால் கையெழுத்துப் போடும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தன் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது சின்ன வசதியல்ல.

வெளிநாட்டார் வருகைக்கு இந்தியா ஒரு காலத்தில் கதவை அகலத் திறந்தே வைத்திருந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் 2008-ல் நடந்தவை அதன் விளைவைக் காட்டின. ஜப்பானியத் தம்பதிக்காக, இந்தியப் பெண் ஒருவரின் தான முட்டையிலிருந்து உருவான கருவை வாடகைத் தாய் ஒருவர் சுமந்தார். குழந்தை பிறக்குமுன் தம்பதி பிரிந்துவிட்டார்கள். முட்டை கொடுத்தவர், சுமந்தவர், கேட்டவர் என்று மூன்று பெண்கள் இருந்தும், 2008 ஜூலை 25 அன்று பிறந்த அந்தப் பெண்குழந்தைக்குச் சட்டத்தின் கண்ணில் தாய் என்று எவரும் இல்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், ஜப்பானிலிருந்து வந்த பாட்டிதான் பேத்தியை அழைத்துச் சென்றார்.

அதே ஆண்டு ஜனவரியில் அதே நகரில் ஜெர்மன் தம்பதிக்கு இரட்டையர் பிறந்தார்கள். அதிலும் முட்டை இந்தியப் பெண்ணுடையது. ஜெர்மனி அந்தப் பிள்ளைகளைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டு கிடைக்குமா என்ற கேள்வி குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2009 நவம்பரில் அது பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் தத்தெடுப்பு வழியில்தான் அந்தச் சிக்கல் அவிழ்ந்தது. இரு வழக்குகளிலும் பக்கம் பக்கமாக விவாதிக்கப்பட்டது தாய்மை. ஊசி போட்டுக்கொண்டு முட்டை கொடுத்த பெண்ணின் உடம்புக்கு என்ன ஆனது என்பது எங்கும் பேச்சாகவில்லை.

*

அந்த உடம்பில் நடப்பது இதுதான். வழக்கமான மாதத்தில் ஒரு முட்டை முதிரும். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் ஊசி போட்டால் பத்து, பதினைந்து, சிலருக்கு இருபதுக்கும் மேல் முதிரும். அடிக்கடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கடைசியாக முட்டைகளை முழுமையாக முதிரச் செய்யும் ஊசி ஒன்று. சுமார் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி பிறப்புறுப்பின் சுவர் வழியே ஊசி செலுத்தி, ஒவ்வொரு நுண்பையிலிருந்தும் திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். அதே வேளையில் பெறும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனும் பிறகு புரோஜெஸ்டிரோனும் கொடுத்துக் கருப்பையின் உட்சுவரைத் தயார் செய்வார்கள். ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த கரு உள்ளே வைக்கப்படும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் நொடிப்பொழுதில் உறைய வைக்கும் முறை வந்தபின் இருவரும் ஒரே மாதத்தில், ஒரே ஊரில் இருக்க வேண்டிய தேவையும் போயிற்று. முட்டையை உறைய வைப்பது இனிச் சோதனை முயற்சி அல்ல என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-ல் அறிவித்தது.

பெரும்பாலான பெண்களுக்கு வயிற்று உப்புசம், வலியோடு முடிந்துவிடும். சிலருக்குச் சினைப்பைகள் அளவு மீறித் தூண்டப்பட்டு வீங்கும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். ரத்தம் தடித்து உறையும். தீவிரமானால் உயிருக்கே ஆபத்து. 2010-ல் மும்பையில் முட்டை கொடுத்த 17 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். 2014 ஜனவரியில் டெல்லியில் ஓர் இளம் தாய் இறந்தார்.

இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும் வழி மருத்துவத்துக்குத் தெரியும். கடைசி ஊசியாக ஹெச்.சி.ஜி. கொடுத்தால் அதன் விளைவு உடலில் பல நாள் நீடித்துச் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட் ஊசி போட்டால் தூண்டல் சீக்கிரம் அடங்கிவிடும், கடுமையான வீக்கம் அபூர்வமாகிவிடும். சொந்தக் கருவைச் சுமக்கப் போகும் பெண்ணுக்கு இந்த ஊசியால் கருப்பைச் சூழல் சற்றுப் பாதிக்கப்படலாம். முட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆகவே தானம் கொடுப்பவருக்கு அதைத் தராமல் இருக்க ஏற்கத்தக்க காரணம் காண்பது கடினம். வெற்றி விகிதம் எவ்வளவு என்று கேட்கும் தம்பதிகள், கொடுப்பவருக்குக் கடைசியாக என்ன ஊசி போடுவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

*

இந்தியாவின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் முட்டை ஒரு தம்பதிக்கு மட்டுமே. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் கட்டாயம். கொடுப்பவருக்குத் தம்பதியின் செலவில் காப்பீடு எடுக்க வேண்டும். சிகிச்சை செய்யும் மையமே ஆள் பிடிக்கக் கூடாது. பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் முட்டை வர வேண்டும். பெறும் பெண்ணுக்கு வயது வரம்பு 50, ஆணுக்கு 55. பிறக்கும் குழந்தை எல்லா உரிமைகளோடும் தம்பதியின் குழந்தை. கொடுத்தவருக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை.

வெளிநாடு பற்றியும் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. முட்டையையோ கருவையோ நாட்டுக்குள்ளும் வெளியிலும் விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ கூடாது. ஒருவர் தன் சொந்த முட்டையையோ கருவையோ சொந்தத் தேவைக்காக எடுத்துச் செல்லலாம், அதற்கும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டவருக்கு வாடகைத் தாய் முறை 2015 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

ஏழு முட்டை என்ற வரம்பை மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஏழில் ஓரிரண்டு முதிராமல் போகலாம். மீதியில் நான்கு கருவுறலாம். ஐந்தாம் நாள் வரை வளர்வது இரண்டு தேறினால் நல்லது. ஒரு முறை வைக்கும் கரு ஒட்டிப் பிரசவம் வரை போக இரண்டில் ஒரு வாய்ப்புகூட உறுதியில்லை. ஊசி போட்ட உடம்பு ஏழோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. ஆபத்து ஏழுக்கும் பதினைந்துக்கும் ஒரே ஊசியில்தான் வருகிறது. முட்டைகளை எண்ணுவதைவிட ஊசியின் அளவையும் வகையையும் ஒழுங்குபடுத்தியிருந்தால் சட்டம் கொடுப்பவரை இன்னும் நன்றாகக் காத்திருக்கும். ஆனால் வாழ்நாளில் ஒரு முறை என்ற விதியை எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. ஏன் என்பதை ஈரோடு சொல்லிவிட்டது.

சட்டம் வந்து ஐந்து மாதம்கூட ஆகாத 2022 ஜூனில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைத் தாயும் அவருடன் வாழ்ந்தவரும் சேர்ந்து பலமுறை கருமுட்டை விற்க வைத்தது அம்பலமானது. பெண் புரோக்கர் ஒருவர் இடையில் இருந்தார். வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் தயாரிக்கப்பட்டிருந்தது. ஊசிகள் தொடங்கியபோது அவள் பூப்பெய்திச் சில காலமே ஆகியிருந்தது. விசாரணை ஈரோடு, பெருந்துறை, சேலம், பெங்களூரை ஒட்டிய ஓசூர் என்று நீண்டு, ஆந்திரத்துக்கும் கேரளத்துக்கும் போனது. 2022 ஜூலையில் தமிழக அமைச்சர் மா. சுப்பிரமணியன் மருத்துவமனைகள் மீதான நடவடிக்கையை அறிவித்தார். அத்தனை இடங்களிலும் ஸ்கேன் எடுத்தவர்கள், மயக்க மருந்து கொடுத்தவர்கள், படிவம் நிரப்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். எதிரே படுத்திருப்பது சிறுமி என்று சொல்ல ஆதார் அட்டை தேவையில்லை.

ஒரு பெண் முன்பு எங்காவது கொடுத்திருக்கிறாரா என்று எந்த மையமும் உடனே பார்த்துவிடக்கூடிய பதிவேடு சரியாக இயங்கினால்தான் 'ஒரு முறை' என்ற விதிக்கு உயிர் உண்டு. சட்டம் தேசியப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தச் சொல்கிறது. ஓசூரிலிருந்து அல்சூருக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். நடுவில் மாநில எல்லை இருக்கிறது. புரோக்கருக்கு அந்த எல்லை வசதி.

*

வெளிநாட்டிலிருந்து வந்து சிகிச்சை முடித்துத் திரும்பும் பெண், பேறுகாலம் முழுவதும் தன் ஊர் மருத்துவர்களிடம் இருப்பார். உண்மையில் சிகிச்சையின் நீண்ட பகுதி அதுதான். கிளம்பும் அவசரத்தில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

இயல்பான கருவில் பாதி மரபணு தாயுடையது. தான முட்டையில் உருவான கரு தாயின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு முழுவதுமாக அந்நியம். நச்சுக்கொடி இந்த அந்நியத்தோடு ஒத்துப்போக வேண்டும். இத்தகைய கர்ப்பங்களில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் இறங்கும் முன்சூல்வலிப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். செய்தவர்களைவிடவும் அதிகம். இரட்டைக் கரு என்றால் இன்னும் கூடும். 'இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இரண்டாக வைத்துவிடுங்கள்' என்று தம்பதிகள் கேட்பது இயல்பு. ஆனால் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஒற்றைக் கருவை வைத்துவிட்டு மற்றதை உறைய வைப்பதுதான் பாதுகாப்பு. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார், ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார்.

தெரிந்தால்தானே? மாமியாருக்குத் தெரியக் கூடாது, உறவுக்குத் தெரியக் கூடாது என்று தொடங்கும் மறைப்பு, ஊர் திரும்பியதும் மருத்துவரிடமும் தொடர்கிறது. குழந்தைக்கு நோய் வரலாறு கேட்கும்போது தாய்வழிப் பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்லப்படுகிறது. பன்னிரண்டாம் வாரத்தில் டவுன் நோய்க்குறிக்காகச் செய்யும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கணக்கிலும் சிக்கல் வருகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படை தாயின் வயதல்ல, முட்டையின் வயது. 45 வயதுப் பெண்ணின் சொந்த முட்டை என்றால் ஆபத்து ஏறக்குறைய 30-ல் ஒன்று. 25 வயதுப் பெண் கொடுத்த முட்டை என்றால் 1,250-ல் ஒன்று. படிவத்தில் தன் வயதை மட்டும் எழுதிக் கொடுக்கும் தாய்க்கு, இல்லாத ஆபத்து இருப்பதாக அறிக்கை வரும். அடுத்து, பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கலாமா என்ற கேள்வி வரும். அந்தச் சோதனைக்குக் கருவைக் கலைக்கும் ஆபத்து சிறிதளவாவது உண்டு. முட்டை கொடுத்தவரின் வயதைக் கேட்கும் கட்டம் ஸ்கேன் மையங்களின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்குக் கிளம்புமுன் மருத்துவமனையிடமிருந்து அந்த வயதையும், கரு உருவான தேதியையும், எத்தனையாம் நாளில் வைத்தார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் தெரியாவிட்டாலும் வயதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடலாம்.